எலிவேஷன் படத்தில் மழை பெய்வதில்லை

வீடு கட்டும் முன் முகப்பு எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டும் எலிவேஷன் படங்கள் எல்லாமே காலை ஒன்பது மணி வெயிலில்தான் இருக்கும். நீல வானம், வாசலில் ஒரு வெள்ளைக் கார், கறையே இல்லாத சுவர். எங்கள் இன்ஜினீயர் அனுப்பிய படத்தில் முகப்பில் பாதி கறுப்புப் பலகை, மீதியில் மரநிறப் பட்டைகள், மாடி மூலையில் சிஎன்சி என்ற கணினி இயந்திரத்தில் வெட்டிய ஜாலி, அதாவது துளைவேலைத் தடுப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொத்தனார் அண்ணாச்சியிடம் போனை நீட்டினேன். விரலால் பெரிதாக்கி, அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “படம் கொள்ளாம் சாரே. ஆனா இதுல மழையே பெய்யல்ல, பாத்தியளா? நம்ம ஊருல வருசத்துல பாதி மழையாக்கும்.”

அதற்குப் பிறகு பொருள் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் என் கேள்வி மாறிவிட்டது. ‘எத்தனை வருஷம் உழைக்கும்?’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் பத்து, பதினைந்து என்று பதில் தயாராக இருக்கிறது. வாரண்டி அட்டையும் கொடுக்கிறார்கள். ‘இது கெட்டால் எப்படிக் கெடும்? அப்போது நான் யாரைக் கூப்பிட வேண்டும்?’ என்று கேட்டால்தான் கடைக்காரர் கொஞ்சம் யோசிக்கிறார். வெளிச்சுவரில் எதுவும் சாகாவரம் பெற்று நிற்பதில்லை. சில பொருட்கள் மெதுவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, உள்ளூர்க் கொத்தனார் ஒரே நாளில் ஒட்டுப்போடக்கூடிய விதத்தில் பழசாகும். வேறு சில பல வருஷம் புதுசாகவே நின்றுவிட்டு, ஒரு நாள் மொத்தமாகக் கைவிரிக்கும். பராமரிப்பே தேவையில்லை என்று விற்கப்படுபவற்றில் நிறைய இந்த இரண்டாவது வகை என்பது என் கணிப்பு.

எங்கள் மனை தக்கலைக்கும் குளச்சல் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையை மனதில் வைத்துக் கட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். இங்கே ஆனியிலும் ஆடியிலும் மேற்குச் சுவரில் சாரல் விடாமல் அடிக்கும். அதே சுவரில்தான் பிற்பகல் வெயிலும் விழுகிறது. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற சுவர் அது. அதோடு கடற்காற்றில் வரும் உப்பு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் ரப்பரையும் தென்னையையும் வாழையையும் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு, சுவரில் திருகி மாட்டிய எதையும் காற்று பிடுங்கும் என்பதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று பார்த்தோம். எந்தத் தெருவிலும் பத்து வருஷம் ஆன வீடுகளை நின்று கவனித்தால் ஒன்று தெரியும். சுவரின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கைப்பிடிச் சுவரின் தலையிலிருந்து இறங்கும் கறுப்புக் கோடுகள், ஜன்னல் திண்டின் இரு முனைகளிலிருந்தும் மீசை போல வழியும் அழுக்கு, தரையை ஒட்டி இரண்டு அடிக்கு உரிந்து நிற்கும் பெயின்ட் என்று கெடுவதெல்லாம் ஓரங்களில்தான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலையைத் தட்டையாகப் பூசிவிடுகிறார்கள். அதில் தூசி சேரும், முதல் மழை அதைக் கரைத்து முகப்பில் ஊற்றும், ஈரம் நிற்கும் இடத்தில் பாசி பிடிக்கும், காய்ந்ததும் கறுப்பாகும். விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் கோடு விழத்தான் செய்யும். தலையை மாடிப்பக்கம் சரிவாகப் பூசினால் அந்தத் தண்ணீர் மாடிக்குள் வடிந்து குழாய் வழியாக இறங்கிவிடும். இதற்குக் கூடுதல் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. பூசுகிற அன்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று சன்ஷேடின் அடியில் வெட்டும் காடி. மழைத்தண்ணீர் சன்ஷேடின் விளிம்பில் சொட்டிவிடும் என்று நினைக்கிறோம். முழுக்கச் சொட்டாது. விளிம்பைச் சுற்றி அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே சுவர்வரை ஊர்ந்து போகும். விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல ஆழத்துக்கு நீளவாக்கில் ஒரு காடி இருந்தால் தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். கான்கிரீட் வார்க்கும் சென்ட்ரிங் பலகையில் மெல்லிய மரச்சட்டத்தை (ரீப்பர்) அடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டாலே காடி தானாக வந்துவிடும். எங்கள் அண்ணாச்சிக்கு இது பழக்கம். இளம் பையன்களுக்குச் சொல்லித்தான் செய்ய வைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இப்போது வருகிற பெட்டி எலிவேஷனில் சன்ஷேடே கிடையாது. சுவரிலிருந்து எதுவும் வெளியே நீளக்கூடாது என்பது அந்த ஸ்டைலின் விதி. குளிரிலும் பனியிலும் வாழ்கிறவர்கள் வெயிலை வீட்டுக்குள் அழைக்கச் செய்துகொண்ட முகப்பை நாம் ஏன் எடுத்துக்கொண்டோம் என்று எனக்குப் புரியவில்லை. எங்களூர் பத்மநாபபுரம் அரண்மனையைப் போய்ப் பாருங்கள். ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் வெளியே இறங்கி நிற்கிறது! அங்கே மழை சுவரைத் தொடுவதே கஷ்டம். நாங்கள் எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி சன்ஷேடு வைத்தோம். மேற்கில் அதற்கு மேலேயும் கொஞ்சம் நீட்டினோம். படம் கெட்டுப்போகிறது என்று இன்ஜினீயருக்கு வருத்தம்தான்.

இனி பொருட்கள். படத்தில் கறுப்பாக இருந்தது ஏசிபி. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் அடுக்கு. மொத்தம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். கடை முகப்புகளில் நாம் பார்ப்பது இதைத்தான். நடு அடுக்கு வெறும் பாலிஎத்திலீனாக இருந்தால் அது எரியும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்த தீ, இந்த வகைப் பலகை வழியாகத்தான் மாடி மாடியாக ஏறியது. இரண்டு மாடி வீட்டில் ஆபத்து அந்த அளவுக்கு இல்லை, தீயை மட்டுப்படுத்தும் அடுக்கோடும் ஏசிபி கிடைக்கிறது. என்னை யோசிக்க வைத்தது வேறு. அலுமினியம் வெயிலுக்கு நன்றாக நீளும். இரவுக்கும் மதியத்துக்கும் தகட்டின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் வந்தால், 3 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். மேற்கு வெயிலில் நிற்கும் கறுப்புத் தகட்டுக்கு 40 டிகிரி பெரிய விஷயமே இல்லை. தினமும் நடக்கும் இந்த இழுபறியை இணைப்பில் இருக்கும் சிலிக்கோன் பசைதான் தாங்க வேண்டும். அது வெடித்ததும் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே இரும்புச் சட்டம், உப்புக்காற்று. வெளியிலிருந்து பார்த்தால் பலகை பளபளவென்றே இருக்கும். ஒக்கி மாதிரி ஒரு காற்று வரும்போதுதான் உள்ளே என்ன நடந்தது என்று தெரியவரும். வேண்டாம் என்றோம்.

எச்பிஎல் இதைவிட நல்ல பொருள். பிசினில் ஊறிய காகித அடுக்குகளை அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் இறுக்கிச் செய்வது. வெளிப்புறத்துக்கென்று தனி ரகம் இருக்கிறது. பலகைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டு, திருகின் துளையைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, மேலும் கீழும் திறந்துவைத்தால் உள்ளே போன மழை தானாக வடிந்து காய்ந்துவிடும். தத்துவம் அருமையானது. நான் பார்த்த வீடுகளிலோ பலகையை நேராகச் சுவரில் இறுக்கித் திருகியிருந்தார்கள். ஒரு பலகை உடைந்தால் அதே டிசைன், அதே நிறம் பத்து வருஷம் கழித்துக் கிடைக்கும் என்றும் யாரும் வாக்குத் தரவில்லை. மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஷோரூமில் தேக்கு நிறம், இரண்டு கோடை கண்ட மதிலில் சாம்பல் நிறம்.

எலிவேஷன் டைல்ஸ்தான் எங்கள் பகுதியில் எல்லோரும் கடைசியில் போய்ச் சேருகிற இடம். கழுவினால் போதும், பெயின்ட் செலவு இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டைல்ஸ் எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. அதுதான் அதன் பெருமை. அதே காரணத்தால் சிமெண்ட் பால் அதைப் பிடித்துக்கொள்ள நுண்துளைகள் இல்லை. வெறும் சிமெண்டில் ஒட்டிய விட்ரிஃபைடு டைல்ஸ் சில வருஷம் நிற்கும், அப்புறம் தட்டினால் டொக்கென்று கேட்கும். இதற்கென்று ஒட்டும் பசை இருக்கிறது. மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணும் எந்த வகை என்பதும் அச்சிட்டிருக்கும். வெளிச்சுவருக்கு உரிய வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. பல் வைத்த கரண்டியால் முழுப்பரப்புக்கும் இழுத்துத் தடவ வேண்டும். நம் ஆட்களின் பழக்கம் நான்கு மூலைக்கு நான்கு உருண்டை, நடுவில் ஒன்று. நடுவில் விடுபட்ட வெற்றிடங்களில் மழைத்தண்ணீர் குடிபுகும். டைல்ஸும் டைல்ஸும் முட்டிக்கொள்ளாமல் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளியே தெரியாத சுவர்தான் அழகு என்று நினைக்கிறவர்களுக்கு வெயில் வேறு பாடம் எடுக்கும். பெயின்ட் உரிந்தால் அசிங்கம், அவ்வளவுதான். மாடியிலிருந்து டைல்ஸ் விழுந்தால் கீழே யார் நிற்கிறார்கள் என்பது கேள்வியாகிவிடும். ஆள் நடமாடும் வாசலுக்கு மேலே, தலைக்கு மேல் உயரத்தில், எதையும் ஒட்டக்கூடாது என்று வீட்டில் ஒரு விதி போட்டுவிட்டோம். ஒட்டுவதென்றால் கை எட்டும் உயரம் வரை.

கருங்கல்லுக்கும் இதே கணக்குத்தான். 20 மில்லிமீட்டர் கிரானைட் பலகை சதுர அடிக்கு 5 கிலோ. மேலே தூக்கி மாட்டினால் பசையை நம்ப முடியாது, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி வேண்டும். கடல் பக்கத்தில் அந்தக் கொக்கி 316 ரகமாக இருப்பது நல்லது. 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் அதில் இருப்பதால் உப்புக்காற்றுக்குக் கூடுதலாகத் தாங்கும். இவ்வளவு செலவுசெய்து கல்லை மேலே ஏற்றுவானேன்? கல் இருக்க வேண்டிய இடம் கீழே. தரையில் விழும் மழை தெறித்துச் சுவரை அடிக்கிற அந்த இரண்டடிப் பட்டைதான் எந்த வீட்டிலும் முதலில் உரிகிறது. பேஸ்மட்டத்தைக் கருங்கல்லில் கட்டி, பூசாமல், இணைப்புகளை மட்டும் சிமெண்டால் அடைத்து விட்டிருக்கிறோம். செம்மண் தெறித்தால் ஓஸால் பீய்ச்சினால் போய்விடும். கல்லுக்கு மேலே ஓதம் (சுவர் ஈரம்) ஏறாமல் தடுப்புப் பட்டை. வீட்டைச் சுற்றி இரண்டரை அடிக்குச் சரிவான தளம்.

எனக்கு மனதில் ஆசை இருந்தது செங்கல் மேல்தான். பூசாத செங்கல். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் கைக்கெட்டும் தூரம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கட்டடங்களைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. 1917இல் பர்மிங்காமில் பிறந்து 2007இல் திருவனந்தபுரத்தில் இறந்த மனிதர். நல்ல செங்கலைச் சுட்டுக் கட்டிவிட்டு அதன்மேல் ஏன் சிமெண்டைப் பூசி மறைக்கிறீர்கள், பிறகு அதற்கு ஏன் ஆயுளுக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று தன் கட்டடங்களாலேயே கேட்டவர். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் (சிடிஎஸ்) வளாகம் அவர் கட்டியது. செங்கல் ஜாலிகளும் வளைந்த சுவர்களும் இன்றைக்கும் பார்க்கத் தக்கவை. செங்கல்லை மட்டமாகப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை (ரேட் ட்ராப் பாண்ட்) அவர்தான் இங்கே பரப்பினார். செங்கல் கால்வாசி மிச்சமாகும், வெயில் உள்ளே இறங்குவதும் குறையும். எங்களுக்கு அதைக் கட்டிப் பழகிய ஆள் கிடைக்கவில்லை. பழகாத கையில் அதைக் கொடுத்துப் பார்க்கும் துணிச்சலும் இல்லை. சாதாரண ஒன்பது அங்குலச் சுவர்தான் கட்டினோம்.

ஆசைக்கு அணை போட்டதும் அதே திருவனந்தபுரம்தான். பூசாத செங்கல் வீடுகளைச் சுற்றி வந்து பார்த்தால், கூரை நீண்டு நிற்கும் பக்கம் சுவர் முப்பது, நாற்பது வருஷத்துக்குப் பிறகும் சிவப்பாகவே இருக்கிறது. மழை நேராக அறையும் பக்கம் கறுத்துப் பாசி ஏறிவிடுகிறது. சுவர் விழுந்துவிடாது, ஆனால் ஓதம் உள்ளே வரும். அதனால் கிழக்கிலும் வடக்கிலும், திண்ணைக் கூரையின் காவலில் இருக்கும் சுவர்களுக்கு மட்டும் பூசாத செங்கல் என்று முடிவானது. மேற்கும் தெற்கும் பூச்சு.

பூசாத சுவருக்குச் செங்கல் பொறுக்குவது தனி வேலை. தோவாளைப் பக்கத்துச் சூளையில் போய் ஒன்றையொன்று தட்டிப் பார்த்தோம். நன்றாக வெந்த கல் கணீரென்று கேட்கும். பிறகு வீட்டில் செய்த சோதனை. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை. செங்கல்லுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1077 சொல்கிற வரம்பு, சாதாரண ரகங்களுக்கு 20 சதவீதம். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால் திருப்பி அனுப்பிவிடலாம். மழைக்கு முகம் காட்டப்போகும் கல் அதில் பாதியோடு நின்றால் நிம்மதி. உப்புக்கும் ஒரு சோதனை உண்டு: தட்டில் ஓர் அங்குலம் வாலை வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றி, கல்லை நிமிர்த்தி வைத்து, நீர் முழுக்க வற்றும்வரை விட வேண்டும். வற்றியபின் இன்னொரு முறை. கல்லின் மேலே வெள்ளையாகப் பூத்தால் சுவரிலும் பூக்கும். சூளைக்காரர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். “கல்லுக்கு கல்யாணப் பொருத்தமா பாக்கிய, சாரே?” என்றார். ஆனாலும் கல் மாற்றித் தந்தார்.

இணைப்புகளில் ஒரு சின்னச் சண்டை வந்தது. சிமெண்டை உள்ளே குழிவாக வாங்கி வைத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழுந்து சுவர் எடுப்பாக இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. “அந்தக் குழியில தண்ணி உக்காரும், பாசி வரும், பொறவு பல்லி முட்டயிடும்,” என்று அண்ணாச்சி கல்லின் முகத்துக்குச் சமமாகவே இழுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. செங்கல்லுக்கு மேல் வார்னிஷ் அடிக்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். பளபளப்பு வரும், உண்மை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தப் படலம் சில வருஷத்தில் வெளுத்து உரியும். சிலேன், சிலாக்சேன் வகைத் திரவம் வேறு. கல்லுக்குள் இறங்கிவிடும், மேலே படலம் இருக்காது, தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், ஆவி மட்டும் வெளியே போகும். சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். திண்ணைக்குள் இருக்கும் சுவருக்கு ஏணியே போதும்.

ஏணி போதுமா, சாரம் வேண்டுமா என்பதில்தான் பராமரிப்புச் செலவே இருக்கிறது. மாடிச் சுவரில் பத்து ரூபாய்ச் சிமெண்டால் அடைக்க வேண்டிய விரிசலுக்கும் சவுக்குக் கம்பு இறக்கி, சாரம் கட்டி, பிரித்து, ஏற்றி அனுப்ப வேண்டும். ஆகவே மேற்கிலும் தெற்கிலும் பூச்சு வேலையில்தான் அதிகப் பிடிவாதம் காட்டினோம். பூச்சுக்கு, கல்லை உடைத்துக் கான்கிரீட்டுக்கென்று செய்யும் எம்சாண்ட் மணல் வேண்டாம், பூச்சுக்கென்றே நைசாகச் சலித்த பிசாண்ட்தான். அதிலும் தூள் அதிகமானால் பூச்சு வலைப்பின்னலாக வெடிக்கும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவை, இரண்டு கோட். சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்று எண்ணி ஒன்றுக்கு மூன்று போட்டால் சுருங்கி வெடிப்பதும் கூடும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சந்திக்கும் கோட்டில் கோழிவலை அடித்த பிறகே பூச்சு. இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் நீளுவதால் வலை இல்லாத வீட்டில் தூணின் ஓரம் அப்படியே விரிசலாக எழுதிக் காட்டும். வழவழப்பாகத் தேய்க்காமல் ஸ்பாஞ்ச் போட்டு முடித்தோம். பெயின்டுக்கு முன் வழவழப்புக்காக இழுக்கும் பட்டி (புட்டி) பார்க்கவில்லை. வெளிச்சுவரில் பட்டி என்பது மழைக்குப் பெயின்டைப் பிடுங்கிக் கொடுக்கிற ஏற்பாடு என்பது என் கருத்து. பெயின்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பூச்சு முடிந்ததும் ஒரு வாரம் தண்ணீர் அடித்து, 28 நாள் கழித்துத்தான் பிரைமர். புதுச் சிமெண்டின் காரம் பெயின்டின் நிறத்தைத் தின்னும். நிறம் சுண்ணாம்பு வெள்ளைக்குச் சற்றுப் பக்கத்தில். அடர் நிறம் வெயிலை வாங்கும், வெளுப்பதும் உடனே தெரியும், ஒட்டுப்போட்ட இடமும் திட்டாகத் தெரியும். ஏழெட்டு வருஷத்தில் மேற்குச் சுவருக்கு மறுபடி சாரம் கட்டத்தான் வேண்டியிருக்கும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிட்டோம்.

மீந்த செங்கல்லை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரே சூட்டில் வெந்த கல் அப்புறம் கிடைக்காது என்பதால் கிணற்றடியில் தார்ப்பாய் போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். பெயின்டின் ஷேடு எண், எந்தக் கடை, எந்த மாதம் அடித்தது எல்லாவற்றையும் மின்மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் மார்க்கரால் எழுதியாகிவிட்டது. இன்ஜினீயர் இப்போது புது வாடிக்கையாளர்களை அழைத்துவருகிறார். முகப்பைக் காட்டுவதற்கல்ல, சன்ஷேடின் அடியில் இருக்கும் காடியைக் காட்ட.